பச்சைச் சளி, எகிறும் கவுன்ட்... உங்கள் நுரையீரல் யாரைக் கூப்பிடுகிறது?

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் பஸ். காதில் இயர்போன், கையில் போன், கண் ரீல்ஸில். பலா சீசனாக இருந்தால், காடாம்புலியூர் பக்கம் வந்துவிட்டதை நீங்கள் நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். வாசனை காட்டிக்கொடுத்துவிடும். பழம் எங்கே குவித்து வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கை காட்ட வேண்டியதில்லை. வாசனை கூடக் கூட கிட்டே போகிறீர்கள். குறைந்தால், தாண்டி வந்துவிட்டீர்கள். அவ்வளவுதான் கணக்கு.

இந்தப் பலாப்பழக் கணக்கை அப்படியே மனசுல வச்சுக்கோங்க. உங்கள் நுரையீரலுக்குள்ளும் இதே கணக்குதான் ஓடுகிறது.

இப்போது வேறொரு காட்சி. வீட்டில் அப்பாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், இருமல். "சாதாரண சளிதான், கஷாயம் குடிச்சா போயிடும்" என்றவருக்கு, மூணாவது நாள் சளி பச்சையாக வர ஆரம்பித்தது. மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்-ரேவும் எழுதித் தருகிறார். சாயங்காலம் லேப் ரிப்போர்ட் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. டோட்டல் கவுன்ட் 18,000. நியூட்ரோஃபில் 86 சதவிகிதம். சி.ஆர்.பி. அதிகம். எக்ஸ்-ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. "என்னப்பா போட்டிருக்கு அதுல?" என்று அம்மா உங்கள் முகத்தையே பார்க்கிறார்.

வீட்டில் ரிப்போர்ட்டை வாசித்துச் சொல்கிற ஆள் நீங்கள்தான், இல்லையா? அந்த எண்கள், வெள்ளைத் திட்டு, ஏன் அந்தப் பச்சை நிறம்கூட, எல்லாமே ஒரே சம்பவத்தின் தடயங்கள். நுரையீரல் செல்கள் 'ஆபத்து' என்று குரல் கொடுத்திருக்கின்றன. ரத்தத்திலிருந்து ஒரு படை கிளம்பி வந்திருக்கிறது. அந்தக் குரல் எப்படிக் கிளம்புகிறது, எப்படி அடங்குகிறது, அடங்காவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பதற வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

தினமும் 10,000 லிட்டர் காற்று

ஒரு நாளைக்கு நாம் உள்ளே இழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். அதோடு தூசி, மகரந்தம், புகை, கிருமி எல்லாம் டிக்கெட் வாங்காமல் உள்ளே ஏறிவிடும். மூக்கு முடியும், மூச்சுக்குழாயின் சளிப்படலமும் பெரும்பாலானவற்றை வழியிலேயே மடக்கிவிடுகின்றன. மூச்சுக்குழாயின் உள்பக்கம் நுண்ணிய முடிகள் இருக்கின்றன. அவை அலை அலையாக அசைந்து, அழுக்குச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இதையும் தாண்டி உள்ளே போனால் கடைசி ஸ்டாப், காற்றுப் பைகள். இரண்டு நுரையீரலிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 48 கோடி பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பையைச் சுற்றியும் தந்துகி எனப்படும் மிக மெல்லிய ரத்தக்குழாய்களின் வலை. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர், நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். ஆக்சிஜன் உடனுக்குடன் ரத்தத்துக்குப் போக வேண்டும் என்பதால் சுவர் இவ்வளவு மெல்லிசு. அதனாலேயே ஆபத்தும் அதிகம்.

இந்தப் பைக்குள் மூணு பேர் முக்கியம்.

முதல் ஆள், டைப்-1 செல். தட்டையாக விரித்த பாய் மாதிரி, பையின் உள்பரப்பில் சுமார் 95 சதவிகிதத்தை மூடியிருப்பவர். காற்று கடந்துபோவது இவர் வழியாகத்தான்.

இரண்டாவது, டைப்-2 செல். குண்டாக, மூலையில் உட்கார்ந்திருப்பார். பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சோப்பு நுரை மாதிரி ஒரு திரவம் சுரப்பது இவர் வேலை. பக்கத்து டைப்-1 செல் செத்துப்போனால், தானே பெருகி அந்த இடத்தை நிரப்புவதும் இவர்தான்.

மூணாவது, மேக்ரோஃபேஜ். 'பெருவிழுங்கி' என்று தமிழில் சொல்லலாம். பைக்குள்ளேயே குடியிருக்கும் காவல்காரர். தூசியோ, ஒன்றிரண்டு பாக்டீரியாவோ வந்தால் சத்தமே இல்லாமல் விழுங்கிவிடுவார். நீங்கள் ஆரோக்கியமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் இந்த வேலை நடக்கிறது. காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது, உங்களுக்குத் தகவலும் கிடையாது.

பிரச்னை எப்போது? காவல்காரரால் சமாளிக்க முடியாத அளவுக்குக் கிருமி உள்ளே இறங்கும்போது.

கிருமி வந்தது எப்படித் தெரியும்?

நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நிமோகாக்கஸ் பாக்டீரியா எங்கோ தூரத்திலிருந்து வருவதில்லை. நிறையக் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. தூங்கும்போது தொண்டை ஈரம் துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். வைரஸ் சளியால் உடம்பு களைத்திருக்கும் நேரத்தில் இது நடந்தால், கிருமிக்குக் கொண்டாட்டம்.

சரி, செல்லுக்குக் கண் இல்லையே, உள்ளே வந்தது கிருமி என்று எப்படித் தெரிகிறது? செல்லின் மேல்பரப்பில் 'டோல்' வகை உணரிகள் இருக்கின்றன. இது டோல்கேட் டோல் இல்லை. ஜெர்மன் மொழியில் 'அட, பிரமாதம்!' என்கிற மாதிரியான சொல். முதலில் பழ ஈக்களில் கண்டுபிடித்த ஒரு மரபணுவுக்கு வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. இந்த உணரிகள் கிருமியின் அடையாள அட்டையைத் தடவிப் பார்க்கும். நிமோகாக்கஸின் வெளிச்சுவரில் இருக்கும் பொருட்களுக்கு ஒரு உணரி, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் கொழுப்புப் பொருளுக்கு இன்னொன்று, வால் ஆட்டி நீந்தும் பாக்டீரியாக்களின் வாலுக்கு மற்றொன்று. இந்தப் பொருட்கள் எதுவும் நம் உடம்பில் இயல்பாகக் கிடையாது. ஆகவே, தட்டுப்பட்டால் வெளியாள் என்று அர்த்தம்.

பழ ஈயில் இந்த உணரி நோயெதிர்ப்பு வேலை செய்வதை 1996-ல் காட்டினார் ஜூல்ஸ் ஹாஃப்மன். எலியில் அதன் உறவுக்கார உணரியை 1998-ல் பிடித்தார் புரூஸ் பாய்ட்லர். 2011-ம் ஆண்டு மருத்துவ நோபலில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

'இங்கே வாங்க!' என்று வாசனை

உணரி தொட்டவுடன் செல்லுக்குள் சங்கிலி மாதிரி வேலைகள் ஓடும். கடைசியில் 'என்.எஃப்-கப்பா-பி' என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, தூங்கிக்கொண்டிருக்கும் அவசர மரபணுக்களை எழுப்பிவிடும். முதலில் கத்துவது பெரும்பாலும் காவல்காரர் மேக்ரோஃபேஜ்தான். டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 என்ற இரண்டு ரசாயனச் செய்திகளை அவர் வெளியே விடுவார். இவை சைட்டோகைன்கள். கொரோனா காலத்தில் 'சைட்டோகைன் புயல்' என்று கேட்டோமே, அதே குடும்பம்.

ஆனால், காவல்காரர்கள் எண்ணிக்கையில் கம்மி. ஒரு ஆள் கத்தினால் தெருவுக்கே கேட்குமா? இங்கேதான் நுரையீரலின் சொந்தச் செல்கள் களத்தில் இறங்குகின்றன. மேக்ரோஃபேஜ் அனுப்பிய செய்தி கிடைத்ததும் டைப்-2 செல்களும், மூச்சுக்குழாயின் உள்சுவர்ச் செல்களும் அந்தச் செய்தியைப் பல மடங்கு பெருக்கி ஃபார்வர்டு செய்கின்றன. அதுவரை சோப்பு நுரை சுரந்துகொண்டு, 'நான் உண்டு என் வேலை உண்டு' என்று இருந்த செல்லா இது என்று ஆச்சரியப்படுவீர்கள். அவை சுரக்கும் பொருளுக்குப் பெயர் கீமோகைன். அதில் பிரபலமானது, 1987-ல் கண்டுபிடிக்கப்பட்ட இன்டர்லூகின்-8.

இப்போது பலாப்பழத்தை நினைச்சுக்கோங்க. கீமோகைன் வாசனை மாதிரியே வேலை செய்கிறது. சுரக்கும் இடத்தில் அடர்த்தி அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. ரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகைக்கு இந்த வாசனையை உணரும் மூக்கு உண்டு. எந்தப் பக்கம் அடர்த்தி கூடுகிறதோ, அந்தப் பக்கமாக ஊர்ந்து போகும். வழிகாட்டி வேண்டாம், மேப் வேண்டாம்.

காயம்பட்ட இடத்துக்குச் செல்கள் இப்படிக் கூட்டமாக வந்து சேரும் என்பதை, இந்த ரசாயனம் எதுவும் தெரியாத காலத்திலேயே ஒருவர் நேரில் பார்த்தார். 1882-ல் இத்தாலியின் மெசினா கடலோரத்தில், கண்ணாடி மாதிரி உடம்பு கொண்ட நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ஒரு முள்ளைக் குத்திவைத்துவிட்டுக் காத்திருந்தார் எலி மெச்னிகாஃப். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. 1908-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

சந்துக்குள் நுழையும் படை

நியூட்ரோஃபில்களை நம் எலும்பு மஜ்ஜை தினமும் ஏறத்தாழ 10,000 கோடி வரை தயாரிக்கிறது. ஆயுள் மிகக் குறைவு. அதனால் புது பேட்ச் வந்துகொண்டே இருக்கும். நுரையீரல் 'வாங்க' என்றால், மஜ்ஜைக்கும் ஒரு செய்தி போகும். அங்கே இருப்பில் இருக்கும் நியூட்ரோஃபில்கள் மொத்தமாக ரத்தத்துக்குள் இறக்கிவிடப்படும். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும் டோட்டல் கவுன்ட், அப்பாவின் ரிப்போர்ட்டில் 18,000 ஆனது இப்படித்தான். அதில் நியூட்ரோஃபில் பங்கு 86 சதவிகிதம் என்றால், வந்திருப்பது யார் என்பதும் தெரிந்துவிட்டது.

நுரையீரலுக்கு இங்கே ஒரு தனி வசதி உண்டு. அதன் தந்துகிகளில் பல, நியூட்ரோஃபிலைவிடக் குறுகலானவை. பெரிய லாரி சின்னச் சந்துக்குள் நுழைகிற மாதிரி, நியூட்ரோஃபில் உடம்பைச் சுருக்கி, நீட்டி, மெதுவாகத்தான் கடக்க முடியும். இதனால் சாதாரண நாளிலேயே ஏராளமான நியூட்ரோஃபில்கள் நுரையீரல் சந்துகளில் ரிசர்வ் போலீஸ் மாதிரி நின்றுகொண்டிருக்கும். அழைப்பு வந்ததும் ரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்கள் ஒட்டும் தன்மையுள்ள புரதங்களை வெளியே நீட்டும். அதைப் பிடித்துக்கொண்டு, சுவர் செல்களின் இடுக்கு வழியாக நியூட்ரோஃபில் காற்றுப் பைக்குள் இறங்கிவிடும். எல்லாம் சில மணி நேரத்துக்குள்.

உள்ளே இறங்கியதும் கிருமிகளை விழுங்கும். பிளீச்சிங் பவுடர் போன்ற காட்டமான ரசாயனத்தை ஊற்றிக் கொல்லும். சில சமயம் தன் டி.என்.ஏ-வையே வலை மாதிரி வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும். வந்ததில் பெரும்பாலானவை அங்கேயே சாகும்.

பச்சை நிறம் எங்கிருந்து வந்தது?

அந்தக் காட்டமான ரசாயனத்தைத் தயாரிக்க நியூட்ரோஃபிலுக்குள் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அதில் இரும்புச் சத்து உண்டு. அதன் நிறம், பச்சை! செத்த நியூட்ரோஃபில்கள் சளியில் கலந்து வெளியே வரும்போது சளி பச்சையாகிறது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பச்சை நிறம் கிருமியின் நிறமில்லை, நம்ம ஆட்களின் நிறம். வைரஸ் சளியிலும் நியூட்ரோஃபில் வரும், அப்போதும் சளி பச்சையாகலாம். ஆகவே, 'சளி பச்சையாயிடுச்சு, மெடிக்கல்ல ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கலாம்' என்கிற கணக்கு தப்பு. நிறத்தை மட்டும் வைத்து எந்த டாக்டரும் முடிவெடுப்பதில்லை. காய்ச்சல், மூச்சு வேகம், மார்பில் ஸ்டெத் வைத்துக் கேட்கும் சத்தம், எக்ஸ்-ரே எல்லாம் சேர்த்துத்தான் முடிவு.

காய்ச்சலும் இதே கதைதான். இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்ற செய்திகள் ரத்தம் வழியாக மூளை வரை எட்டும். அங்கே இருக்கும் தெர்மோஸ்டாட் ஏற்றிவைக்கப்படும். பாரசிட்டமால் அந்தத் தெர்மோஸ்டாட்டை இறக்கும், உடம்புக்குச் சுகமாக இருக்கும். ஆனால், நுரையீரலில் இருக்கும் பாக்டீரியாவை அது தொடுவதே இல்லை. 'மாத்திரை போட்டதும் ஜுரம் விட்டுச்சு, சரியாப்போச்சு' என்று அப்பா சொன்னால், இதைச் சொல்லிப் புரியவையுங்கள்.

சி.ஆர்.பி.? இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தட்டினால் கல்லீரல் சுரக்கும் புரதம் அது. 1930-ல் நிமோகாக்கஸ் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். அந்த பாக்டீரியாவின் 'சி' என்ற பொருளோடு ஒட்டிக்கொண்டதால், அந்தப் பெயர். இன்று எந்த அழற்சிக்கும் அது ஏறும்.

கூட்டம் அதிகமானால்?

எக்ஸ்-ரேயில் கறுப்பாகத் தெரிவது காற்று. வெள்ளைத் திட்டு என்றால், அந்த இடத்தில் காற்றுக்குப் பதில் திரவமும் செல்களும் நிரம்பியிருக்கின்றன. படை இறங்குவதற்காக ரத்தக்குழாயின் சுவர் நெகிழ்ந்தபோது, திரவமும் சேர்ந்தே கசிந்திருக்கிறது. அதாவது, மூச்சு வாங்குவதற்குக் கிருமி ஒரு காரணம் என்றால், அதைக் கொல்ல வந்த கூட்டமும் ஒரு காரணம்.

முந்திரித் தோப்பில் தீப்பிடித்தால் ஊரே ஓடி வரும். தீ அணையும். ஆனால், கூட்டம் மிதித்ததில் கன்றுகள் சில நாசமாகும். தீ அணைந்த பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் தோப்பே பாழாகிவிடும். நியூட்ரோஃபில் ஊற்றும் ரசாயனத்துக்குக் கிருமி எது, காற்றுப் பை எது என்ற பாகுபாடு கிடையாது. இரண்டு நுரையீரலிலும் இந்தச் சேதம் பரவி, ஆக்சிஜன் உள்ளே போக முடியாத நிலைக்குப் போவதைத்தான் டாக்டர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள். ஐ.சி.யூ., வென்டிலேட்டர் எல்லாம் அந்தக் கட்டத்தில்தான்.

நல்லவேளையாக, அழைப்பை நிறுத்தவும் உடம்பில் ஏற்பாடு இருக்கிறது. கிருமி குறைந்தால் உணரிகள் அமைதியாகும், கீமோகைன் வாசனை குறையும். வேலை முடித்த நியூட்ரோஃபில்கள் தாமாகவே ஒழுங்காகச் சுருங்கிச் சாகும். அவற்றை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிச் சுத்தம் செய்யும். விழுங்கியதுமே மேக்ரோஃபேஜின் குணமும் மாறி, 'போதும், யாரும் வர வேண்டாம்' என்ற செய்தியை அனுப்ப ஆரம்பிக்கும். நம் சாப்பாட்டில் கிடைக்கும் கொழுப்பு அமிலங்களிலிருந்து உடம்பு தயாரிக்கும் ரிசால்வின் போன்ற பொருட்களும் இந்த வேலைக்கு உதவுகின்றன. பிறகு டைப்-2 செல்கள் பெருகி, உடைந்த சுவரைப் பூசிவிடும். காய்ச்சல் சில நாளில் போனாலும் எக்ஸ்-ரே தெளிவாக சில வாரங்கள் ஆவது இதனால்தான்.

ஆக, அழைப்பு நிற்க வேண்டும் என்றால் கிருமி ஒழிய வேண்டும். டாக்டர் எழுதித் தரும் ஆன்டிபயாட்டிக் அதைத்தான் செய்கிறது. பாதியில் நிறுத்தினால், கிருமியும் மிச்சம், கூச்சலும் மிச்சம்.

'அப்போ ஸ்டீராய்டு போட்டு அழைப்பையே அமுக்கிடலாமே?' என்று தோன்றலாம். சில தீவிர நோயாளிகளுக்கு, கிருமியைக் கொல்லும் மருந்தோடு சேர்த்து, டாக்டர்கள் கண்காணிப்பில் அதைக் கொடுப்பதுண்டு. தானாக வாங்கிப் போட்டுக்கொண்டால், கிருமி உள்ளே இருக்கும்போதே காவலை வீட்டுக்கு அனுப்பின கதையாகிவிடும்.

அழைப்பையே ஏமாற்றும் கிருமி

எல்லாக் கிருமியும் இப்படிச் சத்தம் போட்டு மாட்டிக்கொள்வதில்லை. சத்தமே காட்டாமல் வருவதில் கில்லாடி, காசநோய்க் கிருமி. அதன் தந்திரத்தைக் கண்டுபிடித்தவருக்கும் நம்ம மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

2009-ல் வேதியியல் நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர். அது அன்றைய தென்னாற்காடு, இன்றைய கடலூர் மாவட்டம். குடும்பம் பிறகு குஜராத்தின் பரோடாவுக்குக் குடிபெயர்ந்தது. அவர் தங்கை லலிதா ராமகிருஷ்ணன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காசநோயை ஆராய்பவர். குஞ்சுப் பருவத்தில் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும் வரிக்குதிரை மீனில், காசநோய்க் கிருமியின் நெருங்கிய சொந்தக்காரக் கிருமியைச் செலுத்தி, உள்ளே நடப்பதை மைக்ராஸ்கோப்பில் நேரடியாகப் பார்க்கிறது அவர் குழு. மெச்னிகாஃபின் நட்சத்திரமீன் ஞாபகம் வருதா?

அந்தக் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது இது. இந்தக் கிருமி தன் மேல் ஒரு மெழுகுக் கொழுப்பைப் போர்வை மாதிரி போர்த்திக்கொள்கிறது. டோல் உணரிகளின் கைக்கு அடையாள அட்டை கிடைக்காது. அதனால், கிருமியைக் கொல்லத் தெரிந்த மேக்ரோஃபேஜ்களுக்கு அழைப்பு போவதில்லை. அதோடு நிற்காமல், இன்னொரு கொழுப்பைக் காட்டி சி.சி.எல்-2 என்ற வேறொரு கீமோகைனைச் சுரக்கவைக்கிறது. அந்த வாசனைக்கு வருபவை, கிருமியை விழுங்கும், ஆனால் கொல்லாத மேக்ரோஃபேஜ்கள். காவல்காரனையே வாடகை வீடாக்கிக்கொள்கிற வேலை!

காசநோய் ஏன் நுரையீரலின் ஆழத்தில் தொடங்குகிறது என்பதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைத்தது. மூக்கிலும் தொண்டையிலும் ஏற்கெனவே குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் டோல் உணரிகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். அங்கே கொல்லத் தெரிந்த ஆட்கள் வந்து போய்க்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் மாட்டாமல், சின்னத் துளியில் ஒன்றிரண்டாக ஆழத்துக்குப் போய்விட்டால்தான் இந்தத் தந்திரம் பலிக்கும்.

இதனால்தான் காசநோயில் பெரும்பாலும் திடீர்க் காய்ச்சல், குளிர் நடுக்கம் எதுவும் இருக்காது. சாயங்கால ஜுரம், இரவு வியர்வை, எடைக் குறைவு, விடாத இருமல் என்று மெதுவாகத்தான் வரும். 'சும்மா இருமல்தானே' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இப்படித்தான் நடக்கிறது. ஆனால், இதற்கு மருந்து உண்டு. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருந்து சாப்பிடுவதற்குச் சமமாகக் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியதே 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான். இன்று சாதாரண காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளில் இலவசம். தவிர, சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

புகையும் தூசியும் என்ன செய்யும்?

நம்ம பக்கத்தில் முந்திரிக்கொட்டை வறுக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். விறகடுப்பில் சமைக்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். ஹைவேயில் லாரிக்குப் பின்னாடியே பைக் ஓட்டுபவர்கள், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடும் சாம்பலோடும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். பீடி, சிகரெட்டைச் சொல்லவே வேண்டாம்.

புகை முதலில் மூச்சுக்குழாயின் நுண்முடிகளை முடக்கும். அழுக்கு மேலே ஏறாது. அடுத்து மேக்ரோஃபேஜ்களின் வயிற்றைக் கரித்தூளால் நிரப்பி, கிருமியை விழுங்கும் திறனைக் குறைக்கும். மூணாவதுதான் மோசம். கிருமியே இல்லாதபோதும் நுரையீரல் செல்களை எரிச்சலூட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீமோகைன் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். தேவையில்லாத அழைப்பு, தேவையில்லாத கூட்டம், வருஷக்கணக்கில். நியூட்ரோஃபில்கள் கொட்டும் எலாஸ்டேஸ் என்ற நொதி, காற்றுப் பைகளின் எலாஸ்டிக்கை மெல்ல மெல்ல அறுக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் சி.ஓ.பி.டி. நோய்க்கு இது ஒரு முக்கியமான வழி. அதனால், வேலையில் மாஸ்க், அடுப்பங்கரையில் காற்றோட்டம், பீடி சிகரெட்டுக்கு முழுக்கு. இதெல்லாம் அட்வைஸ் மாதிரி தெரிந்தாலும், நுரையீரலின் அழைப்பு மணியைச் சும்மா சும்மா அடிக்காமல் விடுவதுதான்.

உங்கள் போனில் ஸ்டாப்வாட்ச் இருக்குல்ல?

வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் என்றால், ஒரு நிமிடம் மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணுங்கள். குழந்தை என்றால் அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லைகள் இவை:

- இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்
- 2 முதல் 11 மாதம் வரை: 50 அல்லது அதற்கு மேல்
- 1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இந்த எண்களைத் தொட்டாலே அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், இன்னும் அவசரம்.

பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 வரை இருக்கும். 30-ஐத் தொட்டால் ஆபத்தான அறிகுறி. பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழே, உதடு நீலம், திடீர்க் குழப்பமான பேச்சு, சளியில் ரத்தம், இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். வயதானவர்களுக்கு நிமோனியா வந்தாலும் காய்ச்சலே இல்லாமல் போகலாம். அவர்கள் உடம்பின் அழைப்புக் குரலே மெலிந்துபோயிருக்கும். 'தாத்தா ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கார்' என்பதே அவர்களுக்கு ஒரு அறிகுறிதான்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், எந்த யோசனையும் இல்லாமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால், நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டாச்சா என்று பாருங்கள். 2021 முதல் தமிழ்நாட்டில் அரசுத் தடுப்பூசி அட்டவணையிலேயே இது இலவசமாக இருக்கிறது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை. அந்தக் கிருமியை நுரையீரல் முதல் தடவை பார்க்கும்போதே, அதைப் பிடிக்கத் தெரிந்த ஆன்டிபாடிகள் தயாராக இருக்கும்.

இப்போ அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். "என்னப்பா போட்டிருக்கு?"

"அப்பாவோட நுரையீரல்ல கிருமி இறங்கியிருக்கும்மா. அது கூப்பிட்டிருக்கு, ஆளுங்க வந்துட்டாங்க. அந்த கவுன்ட், அந்தப் பச்சைச் சளி எல்லாம் அதுதான். டாக்டர் கொடுத்த மாத்திரையை அவர் சொன்ன நாள் வரைக்கும் விடாம போட்டா, கிருமி போகும், வந்தவங்களும் கிளம்பிடுவாங்க. ராத்திரி நான் மூச்சை எண்ணிப் பார்த்துட்டே இருக்கேன்."

இவ்வளவு சொன்னால் போதும். ராத்திரி எண்ணவும் மறந்துடாதீங்க.